முற்பணம் கொடுத்தவன் படித்த கணக்கு: அரியாலையிலிருந்து ஒரு பாடம்



மன்னாரிலிருந்து ஒரு சகோதரரும் புத்தளத்திலிருந்து இன்னொருவரும் ஏறத்தாழ ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். "கையில் மூன்று நான்கு இலட்சம் இருக்கிறது. கொழும்பில் அதற்கு ஒரு மூலைக் கடைகூடக் கிடைக்காது. வடக்கில் சிறு தொழில் செய்பவர்களோடு சேர்ந்து ஏதாவது செய்யலாமா? போட்ட காசு திரும்பி வருமா?" இதுதான் கேள்வி.

வரும். ஆனால் காசைக் கொடுக்கும் விதம் ஒன்று இருக்கிறது. அதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. அரியாலையில் ஒரு பெண்பிள்ளை வைத்திருந்த பள்ளிக்கூடக் கொப்பியில் படித்தேன். அந்தக் கொப்பியில் குற்றவாளியாக இருந்தது நானேதான் என்பதால் இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாகவும் இருக்கிறது.

அரியாலையைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. கண்டி வீதியால் யாழ்ப்பாணம் வருபவர்கள் நாவற்குழிப் பாலத்தைத் தாண்டி, செம்மணி வெளியைக் கடந்து, நகரத்துக்குள் நுழைவதற்கு முன்னர் வரும் ஊர் அது. வீதி ஓரத்தில் கடைகள், கல்வீடுகள், கோயில்கள், வாசிகசாலைகள் என்று படித்தவர்களின் ஊராகத் தெரியும். கிழக்கே போகப் போகக் காட்சி மாறும். மணியந்தோட்டம், பூம்புகார் என்று களப்பை ஒட்டிய பகுதிகளில் இறாலும் நண்டும் மீனும்தான் சீவியம். யுத்தத்தில் பல தடவை இடம்பெயர்ந்து திரும்பிய சனம். வளமான கடலும் வெறும் கையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இடம் என்று சொல்லலாம்.

நான் சோனகர் தெருவில் பிறந்தவன். 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி எங்களை வெளியேறச் சொன்னபோது எனக்கு இருபது வயதும் ஆகவில்லை. ஆளுக்கு 150 ரூபாவும் உடுதுணியுமாகப் போனோம். வாப்பாவின் இரும்புக்கடை அப்படியே போயிற்று. புத்தளத்தில் சைக்கிளில் துணி விற்றுத் தொழில் பழகினேன். 2002 ஏப்ரலில் ஏ 9 பாதை திறந்தபோது ஒரு தடவை வந்து இடிந்த வீட்டைப் பார்த்துவிட்டுப் போனேன். 2006 ஆகஸ்டில் பாதை மறுபடி மூடப்பட்டது. 2010 இல்தான் திரும்பி வந்து தொழிலைத் தொடங்கினேன். இரும்புக்கடை போட முதல் இல்லை. ஆகவே ஒரு ஐஸ் பெட்டியும் தராசும் வாங்கிக்கொண்டு, நண்டும் இறாலும் எடுத்து, நகரத்துச் சாப்பாட்டுக் கடைகளுக்கும் கொழும்பு லொறிக்கும் கொடுக்க ஆரம்பித்தேன்.

இந்தத் தொழிலில் உள்ளவர்களுக்கு முற்பணம் என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. வலை கிழிந்தாலும், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும், வீட்டில் சாமத்தியச் சடங்கு வந்தாலும் தொழிலாளி நம்மிடம்தான் வருவார். நாம் ஐம்பது அறுபதாயிரம் கொடுப்போம். வட்டி இல்லை. தவணை இல்லை. ஒரே ஒரு நிபந்தனை, பிடிப்பதை நமக்கே தர வேண்டும், விலையை நாம் சொல்வோம். "வட்டி வாங்காமல் ஏழைக்கு உதவுகிறோம்" என்று நான் ஆறேழு வருடம் நிம்மதியாகத் தூங்கினேன்.

2017 இல் ஒரு நாள் காலை நிறுவைக்குப் போயிருந்தேன். களங்கண்ணி வைத்துத் தொழில் செய்யும் ஒருவரின் மனைவி, ஓ.எல். வரை படித்த பிள்ளை, ஒரு சி.ஆர். கொப்பியை நீட்டினாள்.

"நானா, கோவிக்காதேங்கோ. இதை ஒருக்காப் பாருங்கோ. நான் சரியாத்தான் கூட்டியிருக்கிறனோ எண்டு சொல்லுங்கோ."

கொப்பியில் பதினொரு மாதக் கணக்கு இருந்தது. நான் கிலோவுக்கு 650 ரூபா கொடுத்திருந்தேன். முற்பணம் வாங்காத பக்கத்து வீட்டுக்காரர் அதே நண்டை வேறொரு வியாபாரிக்கு 750 ரூபாவுக்குக் கொடுத்திருந்தார். வித்தியாசம் 100 ரூபா. இவர்கள் நாளொன்றுக்குச் சராசரி 4 கிலோ, மாதத்தில் 22 நாள், ஆக 88 கிலோ தந்திருக்கிறார்கள். மாதத்துக்கு 8,800 ரூபா. பதினொரு மாதத்தில் 96,800 ரூபா. நான் கொடுத்திருந்த முற்பணம் 60,000. கொப்பியின் கடைசி வரியில் அவள் எழுதியிருந்தாள்: "இன்னும் குடுக்க வேண்டியது 60,000."

சகோதரர்களே, அந்த இடத்தில் எனக்கு வாய் அடைத்துவிட்டது. கணக்கில் பிழை இல்லை. வீட்டுக்கு வந்து நானும் போட்டுப் பார்த்தேன். 60,000 ரூபாவுக்கு மாதம் 8,800 என்றால் மாதத்துக்கு 14 வீதத்துக்கு மேல். வருடத்துக்கு 176 வீதம். எந்த வட்டிக்கடையிலும் அப்படி வாங்குவதாக நான் கேள்விப்பட்டதில்லை.

முதலில் எனக்குள் வந்த நியாயங்களையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களுக்கும் அவைதான் வரும். ஐஸ் செலவு, ஓட்டோக் கூலி, சதையில்லாத நண்டு கழிவு என்று கிலோவுக்கு 40 ரூபா எனக்கு முடிகிறது. சரிதான். ஆனால் 750 கொடுத்த மற்ற வியாபாரிக்கும் அதே ஐஸ், அதே ஓட்டோ. அந்தச் செலவையும் தாங்கிக்கொண்டுதான் அவர் 750 கொடுத்தார். கொழும்புக்காரர் அன்று எங்கள் இரண்டு பேருக்கும் தந்தது 850. அப்படியென்றால் அந்த 100 ரூபா செலவுக்கு எடுத்ததல்ல, கடனுக்கு எடுத்தது. பெயர் மட்டும்தான் வேறு.

எனக்குத் தெரிந்த மௌலவி ஒருவரிடம் ஒளிக்காமல் சொல்லிக் கேட்டேன். கடனையும் விற்பனையையும் ஒன்றாகப் பிணைப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள், கடன் கொடுத்தவன் அந்தக் கடனைக் காட்டி இலாபம் எடுத்தால் அது வட்டியின் வாசல்தான் என்று விளக்கினார். கடனாகக் கொடுத்தால் கடனாகவே கொடு, வியாபாரம் செய்தால் சந்தை விலைக்குச் செய், இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டாதே என்றார். இந்தப் பகுதியை இதற்கு மேல் நான் விரிக்கவில்லை, அது ஆலிம்களின் வேலை. நான் பேச வந்தது வியாபாரப் பக்கத்தை.

வியாபாரப் பக்கத்திலும் இந்தக் கட்டு எனக்கு நட்டம்தான் என்பதைப் பிறகுதான் கண்டேன். கட்டப்பட்ட ஆள் உங்களுக்கு நல்ல பொருள் தரமாட்டார். பெரிய நண்டுகள் விடியற்காலையிலேயே பின்வீதியால் வேறு ஆளிடம் போய்விடும். நமக்கு வருவது சின்னதும் கால் போனதும். நாம் அதைக் களவு என்போம். அவர்களுக்கு அது இழந்த 100 ரூபாவை மீட்கும் வழி. இன்னொன்று, கடன் எப்படியும் குறையாது என்று தெரிந்தவனுக்கு அதிகம் பிடிக்க வேண்டும், வலையைப் பழுதுபார்க்க வேண்டும் என்ற ஊக்கம் எங்கிருந்து வரும்?

இவர்கள் ஏன் வங்கிக்குப் போவதில்லை என்று கேட்பீர்கள். ஈடு வைக்கக் காணி உறுதி இல்லை, சம்பளப் பட்டியல் இல்லை. யுத்தம் முடிந்த பிறகு வீட்டு வாசலுக்கே வந்த நுண்கடன் கம்பனிகள்தான் இருந்தன. அதன் கணக்கையும் ஒரு தடவை பாருங்கள். 50,000 ரூபா கடன். கிழமைக்கு 1,250 வீதம் 52 கிழமை. மொத்தம் 65,000. "வருடத்துக்கு 30 வீதம்தான்" என்று சொல்லிக் கொடுப்பார்கள். ஆனால் முதல் கிழமையிலிருந்தே முதலும் திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது. ஆறு மாதத்துக்குப் பிறகு அவர்களின் காசில் பாதிதான் உங்கள் கையில் இருக்கும், வட்டி மட்டும் முழுத் தொகைக்கும். குறைந்து வரும் நிலுவைக்குக் கணக்குப் போட்டால் அது வருடத்துக்கு 54 வீதம் அளவில் வந்து நிற்கும். ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன் என்று வடக்கு, கிழக்கில் எத்தனை பெண்கள் அவதிப்பட்டார்கள் என்பது நாடறிந்த விடயம். 2018 இல் அரசாங்கமே வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நிலுவைக் கடன்களுக்கு நிவாரணம் அறிவிக்க வேண்டி வந்தது. யாழ்ப்பாணமும் புத்தளமும் அந்தப் பட்டியலில் இருந்தன.

ஆக, வங்கி தூரத்தில். நுண்கடன் கழுத்தில். நடுவில் இருப்பது நாம்தான். அதனால்தான் உள்ளூர் வியாபாரி எப்படிக் காசு கொடுக்கிறான் என்பதில் ஒரு ஊரின் முன்னேற்றமே தங்கியிருக்கிறது என்கிறேன். மகாநாடுகளில் பேசும் "தொழில் முனைவோர் ஊக்குவிப்பு" எல்லாம் அதற்குப் பிறகு.

நான் செய்த மாற்றங்களைச் சொல்கிறேன். பழைய முற்பணம் 60,000 ஐயும் தனிக் கடனாக எழுதினேன். அந்தப் பதினொரு மாத 96,800 இல் எவ்வளவைக் கழிப்பது என்று எனக்கும் மனச்சாட்சிக்கும் இடையில் பெரிய வழக்கு நடந்தது. கடைசியில் கடனை முழுதாகக் கிழித்தேன். மிச்சம் 36,800 ஐத் திருப்பிக் கொடுத்தேனா என்று கேட்காதீர்கள், அன்று கொடுக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து ஒரு தேவையில் கொடுத்தேன். மற்ற நான்கு குடும்பங்களுக்கும் அதே மாதிரிக் கணக்குப் பார்த்தேன்.

பிறகு முன்பணம் தேவைப்பட்டால் ஸலம் முறைக்கு மாறினோம். நமது முன்னோர் நெல்லுக்கும் பேரீச்சைக்கும் செய்து வந்த முறைதான். எத்தனை கிலோ, என்ன தரம், எந்தத் திகதிக்குள், என்ன விலை என்று முதலிலேயே பேசி, முழுக் காசையும் முதலிலேயே கொடுத்துவிட வேண்டும். உதாரணமாக 80 கிலோ நண்டு, கிலோ 735 வீதம், 58,800 ரூபா. சந்தை விலையைவிடப் 15 ரூபா குறைவு, மொத்தத்தில் எனக்கு 1,200 ரூபா அனுகூலம். முன்னர் மாதம் 8,800 எடுத்த இடத்தில் 1,200. ஆனால் முக்கிய வித்தியாசம் தொகையில் இல்லை. ஸலத்தில் ஒவ்வொரு கிலோவும் கடனைக் குறைக்கிறது. 80 ஆவது கிலோவோடு எல்லாம் முடிந்தது, அவர் சுதந்திர மனிதன். பழைய முற்பணத்தில் எத்தனை ஆயிரம் கிலோ தந்தாலும் 60,000 அப்படியே நிற்கும். காற்றும் மழையுமாகித் தொழில் நின்றால் திகதியைத் தள்ளிக் கொடுப்போம், தொகையைக் கூட்டுவதில்லை.

என் வருமானம் முதல் நான்கு மாதம் விழுந்தது உண்மை. மனைவியும் முகம் சுளித்தாள். ஐந்தாம் மாதத்திலிருந்து பெரிய நண்டு முன்வாசலால் வரத் தொடங்கியது. ஐந்து குடும்பம் பதினொன்றாயிற்று. கிலோவுக்கு இலாபம் குறைந்து கிலோ கூடினால் வியாபாரி தோற்பதில்லை, இது நம் எல்லோருக்கும் தெரிந்த கணக்குத்தானே.

2019 இல் ஒரு படி மேலே போனோம். நானும் ஐந்து குடும்பங்களும் கூட்டாக ஒரு டீப் ஃப்ரீசர், நல்ல தராசு, மேசை, ஓட்டு வேலை என்று இரண்டு இலட்சத்தில் தொடங்கினோம். என் முதல் 1,20,000. குடும்பத்துக்கு 16,000 வீதம் அவர்களது 80,000. ஃப்ரீசர் இருக்கும் வீட்டுக்காரருக்கு வேலைக் கூலி செலவிலேயே எழுதப்படும். அதற்குப் பிறகு வரும் இலாபமும் நட்டமும் போட்ட முதலின் விகிதத்தில், அதாவது எனக்கு 60, அவர்களுக்கு 40. நாம் ஷாபிஈ மத்ஹபுக்காரர், அப்படித்தான் வேண்டும் என்று மௌலவி சொல்லியிருந்தார். கணக்கு எழுதுவது அந்தக் கொப்பிப் பிள்ளை. வியாபாரப் பெயரையும் பதிவு செய்தோம். இதைப் பலர் சோம்பலில் விட்டுவிடுகிறார்கள். பதிவுப் பத்திரம் இல்லாமல் வங்கியில் தொழில் பெயரில் கணக்குத் திறக்க முடியாது, நல்ல ஹோட்டல்காரர் காசோலை தரவும் மாட்டார்.

கூட்டுத் தொழிலின் சோதனை இலாபத்தில் இல்லை, நட்டத்தில். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றதே, நினைவிருக்கிறதா? டீசலும் இல்லை, ஜெனரேட்டரும் இல்லை. ஃப்ரீசரில் இருந்த இறால் பழுதாகி 45,000 ரூபா நட்டம். ஒரு வியாபார நண்பர் எனக்குப் புத்தி சொன்னார்: "பொருள் அவர்கள் வீட்டில் இருந்தது, அவர்கள் பொறுப்பு. முழுவதையும் அவர்கள் தலையில் எழுது." எழுதியிருக்கலாம். ஆனால் பேசியபடி 27,000 ஐ நான் ஏற்றேன், 18,000 அவர்கள் ஏற்றார்கள், குடும்பத்துக்கு 3,600. அந்த ஆகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 க்கு ஏறியது. இயந்திரப் படகுக்காரர்கள் கரையில் இருந்தார்கள். களப்பில் இயந்திரம் இல்லாமல் தொழில் செய்த எங்கள் ஆட்கள் மட்டும் தொடர்ந்து பிடித்தார்கள். வேறு வியாபாரிகள் கூடிய விலையோடு வந்து நின்ற அந்த மாதங்களில் ஒரு குடும்பமும் எங்களை விட்டுப் போகவில்லை. 27,000 ரூபாவுக்கு நான் வாங்கிய பொருள் அதுதான் என்று நினைக்கிறேன்.

இனி, எல்லோரும் கேட்கும் கடலட்டை. இதில் அவசரப்படாதீர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடலாம், ஆனால் அரியாலை என்றதும் பலருக்கு இதுதான் நினைவுக்கு வருகிறது. சீன முதலீட்டிலான கடலட்டைக் குஞ்சு பொரிப்பகம் அரியாலையில் இருப்பதும், கிளிநொச்சி மாவட்டத்தின் கௌதாரிமுனையில் பண்ணை போட்டதும் 2021 இல் பெரிய சர்ச்சையானது. 2022 ஜூனில் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார், மட்டக்களப்பு மாவட்டங்களில் 5,000 ஏக்கரில் கடலட்டை வளர்ப்புக்கு அமைச்சரவை அனுமதி கொடுத்தது. கிராஞ்சி இலவங்குடாவில் கடற்றொழிலாளர்கள் தங்கள் வலைப்பாடு பறிபோகிறது என்று நீண்ட நாள் போராட்டம் நடத்தினார்கள்.

பொருள் நல்ல பொருள். நம் நாட்டில் எவரும் சாப்பிடாத இந்த வெள்ளை அட்டைக்குச் சீனாவிலும் ஹொங்கொங்கிலும் பெரும் விலை. குடல் எடுத்து, அவித்து, மேல்தோல் நீக்கி, மறுபடி அவித்துக் காயவைத்தால் நிறை பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். காய்ந்த பிறகு பருமனைப் பொறுத்துத் தரம் பிரித்தே விலை. ஆகவே ஈரமாக இவ்வளவு கிலோ என்று கணக்குப் போட்டுக் கனவு காணாதீர்கள். நக்டா என்று சொல்லும் நீருயிரின வளர்ப்பு அதிகார சபையின் அனுமதி இருக்கிறதா, வேலி அடிக்கும் இடத்தில் முன்னர் எவராவது வலை போட்டார்களா என்று முதலில் பாருங்கள். கரையோரத்து ஏழையின் பாதையை அடைத்துப் பண்ணை போட்டு எந்த ஊர் முன்னேறும்? இந்தியாவில் கடலட்டை பிடிப்பது 2001 இலிருந்தே தடை. அங்கிருந்து கள்ளமாக வரும் சரக்கை மலிவு என்று வாங்கி உள்ளே போனவர்களும் இருக்கிறார்கள்.

எல்லாவற்றையும்விட, குஞ்சு தருபவர் யார், விளைந்ததை வாங்குபவர் யார் என்று கேளுங்கள். இரண்டும் ஒரே ஆள் என்றால், விலையையும் அவரே சொல்வார் என்றால், அது நான் 60,000 ரூபா கொடுத்துக் கட்டிய அதே கயிறு, கொஞ்சம் நீளமானது. இந்த ஒரே காரணத்தால் 2022 இல் எனக்கு வந்த ஒரு பங்கை நான் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் டொலர் ஏறிய நேரத்தில் நல்ல காசு பார்த்திருப்பேன் என்று மகன் இன்றைக்கும் குத்திக் காட்டுவான். அவன் சொல்வதும் சரியாக இருக்கலாம்.

நகரத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் நம் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. அரியாலையில் விடிய நிறுக்கும் இறாலை விட்டுவிட்டு, ஐஸில் ஊறிய சரக்கைத் தேடி ஏன் போகிறீர்கள் என்று கேட்டால், "அவன் முப்பது நாள் கடன் தருகிறான்" என்பீர்கள். நாம் கல்லாவில் ரொக்கத்துக்கு விற்கிறோம், சின்ன உற்பத்தியாளனிடம் கடனுக்கு வாங்குகிறோம். அதாவது அவன்தான் நமக்கு முதல் போடுகிறான், வட்டியில்லாமல்! ஏழு நாளுக்குள் பணம் கொடுக்கும் இரண்டு கடைகளுக்கு எங்கள் கூட்டு நல்ல இறாலைத் தெரிந்து கொடுக்கிறது. மற்றவர்களுக்கு மிஞ்சியது. பனங்கட்டி, ஒடியல், ஊறுகாய் செய்யும் பெண்களுக்கும் இதே கதைதான். அவர்களுக்குப் பயிற்சி வகுப்பு நிறையக் கிடைக்கிறது, காசு நேரத்துக்குக் கிடைப்பதில்லை.

மன்னார்ச் சகோதரருக்கும் புத்தளச் சகோதரருக்கும் என் பதில் இதுதான்: மூன்று இலட்சத்தையும் ஒரே நாளில் போடாதீர்கள். ஐம்பதாயிரத்துக்கு ஒரு ஸலம் பேசுங்கள். ஒரு பருவம் முழுக்க நிறுவைக்கு நீங்களே போய் நில்லுங்கள், ஆளை அனுப்பாதீர்கள். கணக்கை அவர்கள் பக்கத்திலும் ஒரு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள், மாதக் கடைசியில் இரண்டையும் ஒப்பிடுங்கள். கொப்பி எழுத விரும்பாத வியாபாரி யார் என்று அப்போது உங்களுக்கே தெரியும்.

எங்கள் கொப்பி இப்போது ஏழாவது கொப்பி. அந்தப் பிள்ளை இப்போது என்னிடம் மட்டும் விற்பதில்லை, இன்னொரு வியாபாரிக்கும் கொடுக்கிறாள். போன கிழமை தராசில் 3 கிலோ வித்தியாசம் என்று இருவருக்கும் சத்தம் வந்துவிட்டது. "நானா, உங்கட தராசுக்குத்தான் வயசு போட்டுது" என்றாள். சந்தையில் கொண்டுபோய் நிறுத்துப் பார்த்தோம். தராசில்தான் பிழை. புதுத் தராசுக்குச் சொல்லியிருக்கிறேன், செலவு வழக்கம்போல 60 க்கு 40.